விடுபட்ட மூன்று வசனங்கள்

2024 நவம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை. கத்தோலிக்க ஆலயங்களில் அன்றைக்குரிய நற்செய்தி மாற்கு 12:38-44. எருசலேம் கோவிலின் காணிக்கைப் பெட்டியில் ஓர் ஏழைக் கைம்பெண் இரண்டு சின்னக் காசுகளைப் போடும் நிகழ்ச்சி அது. மறைக்கல்வி வகுப்புக்கோ ஞாயிறு பள்ளிக்கோ போன எந்தப் பிள்ளையும் அதைச் சொல்லிவிடும். வாசக நூலில் அந்தப் பகுதிக்கு இன்னொரு வடிவமும் உண்டு. ‘அல்லது குறுகிய வாசகம்’ என்ற குறிப்போடு 12:41-44 மட்டும் தரப்பட்டிருக்கும். நேரம் போதாது என்று நினைக்கும் குரு முதல் மூன்று வசனங்களை விட்டுவிட்டு, காசு விழும் இடத்திலிருந்தே தொடங்கலாம்.

அந்த மூன்று வசனங்களில் இயேசு மறைநூல் அறிஞர்களைப் பற்றி எச்சரிக்கிறார். நீண்ட அங்கியோடு நடமாடவும் சந்தைவெளியில் கும்பிடு வாங்கவும் தொழுகைக்கூடத்தில் முதல் இருக்கையில் அமரவும் விரும்புகிறவர்கள் அவர்கள். நீளநீளமாகச் செபித்துக்கொண்டே கைம்பெண்களின் வீடுகளை விழுங்குகிறவர்கள். இந்தப் பேச்சு முடிந்த அடுத்த மூச்சிலேயே கைம்பெண் ஒருத்தி வந்து, கையில் இருந்த எல்லாவற்றையும் அந்தக் கோவிலுக்கே போட்டுவிட்டுப் போகிறாள். மூன்று வசனங்களையும் சேர்த்துக் கேட்கிறவருக்கு ஒரு கதை கிடைக்கும். விட்டுவிட்டுக் கேட்கிறவருக்குக் கிடைப்பது வேறு.

அந்த ஞாயிற்றுக்கு இன்னொரு பெயரும் உண்டு. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையும் இந்தியத் திருச்சபைகளின் தேசிய மன்றமும் 2007 முதல் நவம்பர் மாத இரண்டாம் ஞாயிறைத் தலித் விடுதலை ஞாயிறாகக் கடைப்பிடித்து வருகின்றன. தமிழ்நாட்டில் ஆலயத்துக்குள் தனி இடம், கல்லறைத் தோட்டத்தில் தனிப் பகுதி என்று சாதி பிரித்துவைத்த ஊர்களைப் பற்றி நமக்குத் தெரியும். தொழுகைக்கூடத்தின் முதல் இருக்கையைப் பற்றிய வசனம் அந்த நாளுக்கென்றே எழுதியதுபோல் வந்து நிற்கிறது. அதைத்தான் குறுகிய வாசகம் விட்டுவிடுகிறது.

வாரந்தோறும் வாசகங்களை வைத்து மறையுரையோ பிரசங்கமோ தயாரிக்கிறவரின் முதல் வேலை, வாசகம் எங்கே தொடங்குகிறது, எங்கே நிற்கிறது, எதைத் தாண்டிப் போகிறது என்று பார்ப்பதுதான் என்பது என் உறுதியான கருத்து. விளக்கவுரை, உவமை, இன்றைய நிலைமைக்கான பொருத்தம் எல்லாம் அதற்குப் பிறகு வரட்டும்.

வேதப்பகுதியை யார் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி நாசரேத்திலேயே இருக்கிறது. லூக்கா 4இல் இயேசு வாசிக்க எழுகிறார். எசாயாவின் சுருளேடு அவர் கையில் கொடுக்கப்படுகிறது. எந்த நூல் என்பதை அவர் கேட்டு வாங்கியதாக லூக்கா சொல்லவில்லை. அதை விரித்து ஓரிடத்தைக் கண்டு வாசிக்கிறார். எசாயா 61இன் தொடக்கம் அது. அங்கே இரண்டாம் வசனத்தின் நடுவில், ஆண்டவரின் அருள்தரும் ஆண்டைப் பற்றிய சொற்களோடு நிறுத்திவிடுகிறார். அந்த வாக்கியத்தில் அடுத்து வருவது கடவுள் பழிவாங்கும் நாள்; அது வாசிக்கப்படவில்லை. ஆக, வேதப்பகுதியை வெட்டுவது இடைக்காலக் கண்டுபிடிப்பும் இல்லை, எப்போதும் கோழைத்தனமும் இல்லை. எங்கே நிறுத்துகிறோம் என்பதே ஒரு அறிவிப்பாக முடியும். அதே மறையுரையில் இயேசு சாரிபாத்து ஊர்க் கைம்பெண்ணைப் பற்றிப் பேசுகிறார். கேட்டவர்கள் கோபம் கொண்டு, ஊரின் மலைவிளிம்பிலிருந்து அவரைத் தள்ளிவிடக் கொண்டுபோகிறார்கள். அந்தக் கைம்பெண்தான் 2024 நவம்பர் 10இன் முதல் வாசகத்திலும் வருகிறாள். அவளிடம் பிறகு வருவோம்.

ரோமில் 155ஆம் ஆண்டையொட்டி எழுதிய ஜஸ்டின், தம் காலத்து ஞாயிறு வழிபாட்டைப் பேரரசருக்கு விவரிக்கும்போது, திருத்தூதர்களின் நினைவுக்குறிப்புகளோ இறைவாக்கினர்களின் எழுத்துகளோ நேரம் அனுமதிக்கும் அளவுக்கு வாசிக்கப்பட்டன, அதன்பின் தலைவர் அறிவுரை கூறினார் என்கிறார். நேரம் அனுமதிக்கும் அளவுக்கு என்ற அந்த இளகிய ஏற்பாடு, திருவிழாக்களும் தவக்காலமும் உருவாகி வளர வளர, நாளுக்கு நாள் இன்ன பகுதி என்ற அட்டவணையாக இறுகியது.

சீர்திருத்தக் காலத்தில் அந்த அட்டவணையை என்ன செய்வது என்பதில் சீர்திருத்தத் தலைவர்கள் மூன்று பேர் மூன்று வழி போனார்கள். ஸ்விங்ளி 1519 ஜனவரி 1 அன்று சூரிச் நகரில் குறிக்கப்பட்ட வாசகங்களை ஒதுக்கிவிட்டு, மத்தேயு முதல் அதிகாரத்திலிருந்து வரிசையாகப் பிரசங்கிக்கத் தொடங்கினார். ஜெனீவா நகரத்தார் 1538இல் கால்வினைத் துரத்தினார்கள். 1541இல் திரும்ப அழைத்தார்கள். பிரசங்க மேடை ஏறியவர் பழைய பகைகளைப் பற்றிப் பேசுவார் என்று ஊரே காத்திருந்தது. அவரோ மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கே நிறுத்தினாரோ அங்கிருந்து தொடர்ந்தார். லூத்தர் பழைய ஞாயிறு வாசகங்களைக் கைவிடவில்லை. வார்ட்பர்க் கோட்டையில் மறைந்து வாழ்ந்த நாள்களில், தானாகப் பிரசங்கம் செய்யத் தெரியாத சிற்றூர்ப் போதகர்கள் அப்படியே வாசிப்பதற்காக அந்த வாசகங்களுக்கு உரைகள் எழுதத் தொடங்கினார். 1706இல் சீகன்பால்க் தரங்கம்பாடியில் இறங்கியபோது அவரோடு வந்தது இந்த லுத்தரன் மரபுதான்.

மூன்று வழிகளுக்கும் பொதுவான ஒன்று இருக்கிறது. மூன்றிலும், இந்த வாரம் எதைப் பேசலாம் என்ற தேர்வு பிரசங்கியாரின் கையில் இல்லை. கால்வினின் மூன்றாண்டு இடைவெளிக்குப் பிந்திய பிரசங்கம் நினைவில் நின்றதற்குக் காரணம் அதுவே. வேதப்பகுதியை அவரே தேர்ந்திருந்தால் பழி தீர்க்கும் வசனம் ஒன்று எளிதில் அகப்பட்டிருக்கும். வாசக அட்டவணை இல்லாத சபைகளில் நல்ல பிரசங்கிமார் பலர் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஒருவரே பத்து ஆண்டுகள் தமக்குப் பிடித்த பகுதிகளிலிருந்து பேசினால், சபை கேட்பது வேதத்தை விட அவருடைய விருப்பங்களைத்தான். விற்ற நிலத்தைத் திருப்பித் தரச் சொல்லும் லேவியர் 25ஐயும், செல்வர்களைப் பார்த்து அழச் சொல்லும் யாக்கோபு 5ஐயும் விரும்பித் தேர்பவர்கள் குறைவு.

இன்றைய அட்டவணையின் கதை இரண்டாம் வத்திக்கான் சங்கத்தோடு தொடங்குகிறது. 1570ஆம் ஆண்டுத் திருப்பலி நூலில் ஓராண்டுச் சுழற்சிதான் இருந்தது. பெரும்பாலான ஞாயிறுகளில் நிருபம் ஒன்று, நற்செய்தி ஒன்று. திருப்பாடல்களை நீக்கிப் பார்த்தால் பழைய ஏற்பாட்டில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான் மக்கள் காதில் விழுந்தது. 1963இல் வெளிவந்த திருவழிபாட்டுச் சாசனத்தின் 51ஆம் பிரிவு விவிலியத்தின் செல்வத்தை இன்னும் தாராளமாகத் திறந்துவிடச் சொன்னது. அதன்படி உருவான புதிய வாசக முறை 1969இல், திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறான நவம்பர் 30 அன்று தொடங்கியது. மூன்றாண்டுச் சுழற்சி: முதலாண்டு மத்தேயு, இரண்டாமாண்டு மாற்கு, மூன்றாமாண்டு லூக்கா. யோவான் பாஸ்கா காலத்திலும், மாற்கின் ஆண்டில் ஐந்து ஞாயிறுகளிலும் வருகிறார். எந்த ஆண்டு ஓடுகிறது என்று அறிய ஒரு சின்னக் கணக்கு உண்டு. ஆண்டு எண் 3ஆல் மீதியின்றி வகுபட்டால் அது லூக்காவின் ஆண்டு. 2025 அப்படிப்பட்டது. கிறிஸ்து பிறப்புக்கு நான்கு ஞாயிறுகளுக்கு முன்பே அடுத்த ஆண்டு தொடங்கிவிடும் என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்.

கத்தோலிக்கரின் இந்த ஏற்பாட்டைப் பார்த்து வட அமெரிக்கப் புராட்டஸ்டண்டு சபைகள் தங்களுக்கென ஒன்றை வகுத்துக்கொண்டன. 1983இல் சோதனையாக வந்தது 1992இல் திருத்திய பொது வாசக அட்டவணையாக நிலைபெற்றது. முக்கியமான வேறுபாடு பழைய ஏற்பாட்டில்தான். கத்தோலிக்க முறையில் பொதுக்கால ஞாயிறுகளின் முதல் வாசகம் நற்செய்திக்கு ஒத்துப்போகும்படி தேர்ந்தெடுக்கப்படுகிறது. பொது அட்டவணை அந்த வழியோடு, ஆபிரகாம் கதையையோ தாவீது கதையையோ வாரம் வாரமாகத் தொடரும் இன்னொரு வழியையும் தருகிறது. நம் ஊர் தென்னிந்தியத் திருச்சபையின் ஏற்பாடு வேறு. அங்கே ஞாயிறுதோறும் ஒரு தலைப்பு, அந்தத் தலைப்புக்கேற்ற வாசகங்கள்.

தயாரிப்பவர் தடுக்கி விழும் இடமும் இங்கேதான் இருக்கிறது. கத்தோலிக்க முறையின் பொதுக்காலத்தில் இரண்டாம் வாசகம் தன் வழியில் தனியாக ஓடுவது. நற்செய்திக்குப் பொருத்தமாக அதை யாரும் வைக்கவில்லை. இருந்தும் மூன்று வாசகங்களையும் ஒரே கயிற்றில் கட்டிவிட வேண்டும் என்ற எண்ணத்தில் ‘இன்றைய மூன்று வாசகங்களும் நம்பிக்கையைப் பற்றிப் பேசுகின்றன’ என்று தொடங்கும் மறையுரைகளை நாம் எத்தனை கேட்டிருக்கிறோம்! நம்பிக்கை, அன்பு, சேவை என்று ஒரு பொதுச்சொல் எந்த வாசகத்துக்கும் பொருந்திவிடும். பொருந்திய உடனே வாசகத்துக்குள் இருந்த தனித்தன்மை கரைந்துவிடுகிறது. தலைப்பு முன்பே அச்சாகி வரும் சபைகளில் இந்தச் சோதனை இன்னும் பெரிது. தலைப்பே பிரசங்கமாகிவிடும், வேதப்பகுதி அதற்கு ஒரு சாட்சியாக மட்டும் நிற்கும்.

இனி, காசு போட்ட கைம்பெண்ணிடம் போவோம்.

திங்கட்கிழமை செய்ய வேண்டியது, வாசக நூலை மூடிவைத்துவிட்டு விவிலியத்தைத் திறப்பது. மாற்கு 11இல் தொடங்கி 13 முடியும்வரை ஒரே அமர்வில் உரக்க வாசிக்க வேண்டும், அரைமணிக்குள் முடிந்துவிடும். இயேசு கோவிலுக்குள் நுழைகிறார், வணிகர்களை விரட்டுகிறார், அது கள்வர் குகையாகிவிட்டது என்கிறார், கோவில் தலைவர்களோடு வாதாடுகிறார். அதன் பிறகு நம் மூன்று வசனங்கள், அதையடுத்துக் கைம்பெண். உடனே 13:1இல் சீடர் ஒருவர் எவ்வளவு பெரிய கற்கள் என்று கோவிலைக் காட்டி வியக்க, கல்லின் மேல் கல் நிற்காது என்று இயேசு பதில் சொல்கிறார். கைம்பெண் கடைசிக் காசையும் போட்ட கட்டடம் இடியப்போகிறது. இதைக் கேட்கும்போது வயிற்றில் ஏதோ செய்ய வேண்டும்.

நமக்கு அப்படிச் செய்யாததற்குக் காரணம் உண்டு. 12க்கும் 13க்கும் நடுவே உள்ள அதிகாரப் பிரிவு மாற்கு போட்டது கிடையாது. விவிலியத்தின் இன்றைய அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டன் வகுத்தவை. அடுத்த ஞாயிறும் உதவுவதில்லை. 2024 நவம்பர் 17இன் கத்தோலிக்க நற்செய்தி மாற்கு 13:24-32. கல்லின் மேல் கல் நிற்காது என்ற சொற்கள் நடுவில் நழுவிவிட்டன. (பொது அட்டவணை அந்த ஞாயிற்றில் 13:1-8ஐ வைத்திருக்கிறது, இந்த இடத்தில் அதன் தேர்வு மேலானது.) ஆக, குறுகிய வாசகத்தை எடுக்கும் ஆலயத்தில் கைம்பெண்ணுக்கு முன்னால் இருந்த எச்சரிக்கையும் கேட்காது, பின்னால் வரும் தீர்ப்பும் கேட்காது. மிஞ்சுவது தாராளமாகக் கொடுத்த ஏழை ஒருத்தியின் நல்லொழுக்கக் கதை. ஆலயக் கட்டட நிதி திரட்டும் ஊரில் அது எதற்குப் பயன்படும் என்று சொல்லத் தேவையில்லை.

செவ்வாய், புதன் சொற்களுக்குரிய நாள்கள். கைம்பெண் போட்டது இரண்டு லெப்டோன். யூதேயாவில் புழங்கிய மிகச் சிறிய செப்புக்காசு அது. ரோம வாசகருக்குப் புரியட்டும் என்று மாற்கு அதை ஒரு குவாட்ரன்ஸ் என்று விளக்குகிறார். ஒரு தெனாரியத்துக்கு 64 குவாட்ரன்ஸ். ஒரு தெனாரியம் திராட்சைத் தோட்டத் தொழிலாளியின் நாள்கூலி என்பது மத்தேயு 20இல் தெரிகிறது. இன்று ஒருவர் 640 ரூபாய் கூலி வாங்குகிறார் என்று வைத்துக்கொண்டால் அவள் போட்டது 10 ரூபாய். அதுதான் அவளிடம் இருந்த முழுப்பணம். அவள் போட்டது என்ன என்று சொல்ல மாற்கு கையாளும் கிரேக்கச் சொல் ‘பியோஸ்’. உயிர்வாழ்வு, வாழ்வதற்கான வழி இரண்டும் அதற்குப் பொருள். தமிழில் அதற்கு அச்சொட்டான சொல் இருக்கிறது: பிழைப்பு. தன் பிழைப்பு முழுவதையும் போட்டாள். மேடையில் சொல்ல இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு சொல்லும் கவனிக்கத்தக்கது. இயேசு காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார் என்கிறது 12:41. ஒலிவ மலையில் கோவிலுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார் என்கிறது 13:3. இரண்டு இடத்திலும் ஒரே சொல், ‘கதெனாந்தி’. பெட்டிக்கு எதிரே அமர்ந்தவர் கோவிலுக்கே எதிரே அமர்கிறார். கூட்டம் காசு போடுவதை அவர் கவனித்துக்கொண்டிருந்தார் என்பதும் சாதாரணக் காட்சியாக இராது. கோவிலில் எக்காள வடிவில் பதின்மூன்று பெட்டிகள் இருந்ததை யூதர்களின் மிஷ்னா நூல் குறிக்கிறது. செப்புக்காசு எழுப்பும் ஓசைக்கும் வெள்ளிக்காசு எழுப்பும் ஓசைக்கும் வேறுபாடு கேட்டிருக்கும்.

இயேசு அவளைப் பாராட்டுகிறாரா? எல்லாரையும்விட அதிகம் போட்டாள் என்கிறார். அவளைப்போலச் செய்யுங்கள் என்று சொல்லவில்லை. 1982இல் அடிசன் ரைட் என்ற அமெரிக்க விவிலிய அறிஞர் எழுதிய கட்டுரை இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு, இது பாராட்டா, புலம்பலா என்று கேட்டது. கைம்பெண்களின் வீடுகளை விழுங்கும் சமயத் தலைவர்களைக் கண்டித்த மறுகணமே, அந்தச் சமயத்துக்குத் தன் கடைசிக் காசைக் கொடுத்த கைம்பெண்ணைப் பார்த்து அவர் மகிழ்ந்திருக்க முடியாது என்றார் ரைட். பெற்றோரைத் தாங்க வேண்டிய பணத்தைக் கோவிலுக்கு நேர்ந்துவிடுவதை மாற்கு 7இல் இயேசு கண்டித்ததையும் அவர் நினைவூட்டினார். மறுபக்கமும் வலுவானதுதான். அடுத்துவரும் 14ஆம் அதிகாரத்தில் ஒரு பெண் விலையுயர்ந்த தைலத்தை இயேசுவின் தலையில் ஊற்றுகிறாள். அவளை அவர் வெளிப்படையாகவே பாராட்டுகிறார். தன் உயிரையே கொடுக்கப்போகிறவர், தன் பிழைப்பு முழுவதையும் கொடுத்தவளைத் தம் உறவாகப் பார்த்திருக்கலாம்.

என் சாய்வு ரைட்டின் பக்கம். ஆனால் தென்மாவட்டத்துச் சபையில் அதை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட முடியாது. சோறு வடிக்க அரிசி எடுக்கும்போதெல்லாம் ஒரு பிடியைக் கலயத்தில் போட்டுவைத்து, மாதக் கடைசியில் கோவிலுக்குக் கொண்டுபோன பாட்டிமாரின் பேரப்பிள்ளைகள் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். திருநெல்வேலியில் 1903இல் வி. ச. அசரியாவும் அவரோடிருந்தவர்களும் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம் வெளிநாட்டுப் பணத்தை நம்பாமல், இப்படிப்பட்ட சிறு காணிக்கைகளால் நின்றது. அந்தப் பாட்டிமாரைப் பார்த்து, நீங்கள் ஏமாற்றப்பட்டீர்கள் என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? கொடுத்தவளின் மாண்பை மதிக்க வேண்டும். வாங்கியவர்களிடம் கணக்கும் கேட்க வேண்டும். அந்த இரண்டும் ஒரே பிரசங்கத்தில் நிற்பதற்கு 38 முதல் 40 வரையிலான வசனங்கள் தேவை. அவை இல்லாவிட்டால் கணக்குக் கேட்க இடமில்லை.

வியாழக்கிழமை சாரிபாத்து. முதல் வாசகம் 1 அரசர் 17:10-16. பஞ்சகாலத்தில் இறைவாக்கினர் எலியா ஒரு கைம்பெண்ணிடம் தண்ணீரும் அப்பமும் கேட்கிறார். அவளிடம் இருப்பது பானையில் கையளவு மாவும் கலயத்தில் கொஞ்சம் எண்ணெயும். எடுத்துக்கொண்ட பகுதி பத்தாம் வசனத்தில் தொடங்குவதால் ஒன்பதாம் வசனம் கேட்காது. அந்த ஊர் சீதோனுக்கு உரியது என்று சொல்வது அதுதான். சீதோன் அரசனின் மகள் ஈசபேல். எலியாவைக் கொல்லத் தேடப்போகிறவள். பகைநாட்டில், வேற்றுத் தெய்வத்தைக் கும்பிடும் ஊரில், கடவுள் தம் ஊழியனுக்குச் சோறு போட வைத்த பெண் இந்தக் கைம்பெண். நாசரேத்தில் இயேசு அவள் பெயரை எடுத்ததும் ஊரார் ஏன் கொதித்தார்கள் என்பது இதோடுதான் விளங்கும். இரண்டு கைம்பெண்களையும் அருகருகே வைத்தால் ஒரு வேற்றுமையும் தெரியும். சாரிபாத்தில் இறைவாக்கினர் வாங்கிக்கொண்டார், பானை மாவும் குறையவில்லை. எருசலேமில் கோவில் வாங்கிக்கொண்டது. அவள் அன்று இரவு என்ன சாப்பிட்டாள் என்று மாற்கு சொல்லவில்லை.

இவ்வளவுக்கும் பிறகுதான் வெள்ளிக்கிழமை பேனாவை எடுக்க வேண்டும். ஆயத்த மறையுரைக் குறிப்புகளைத் தேடுவதானால் அதுவும் இதற்குப் பிறகே. அவற்றை நான் இழிவாகப் பேசமாட்டேன். லூத்தர் எழுதியதும் அந்த வகைதான், ஐந்து கிளைச்சபைகளைச் சைக்கிளில் சுற்றும் ஊழியருக்கு அவை கைகொடுக்கும். ஆனால் திங்கட்கிழமையே அவற்றைத் திறந்தவர் கைம்பெண்ணைப் பார்ப்பதற்கு முன் அவளைப் பற்றிய கருத்தைப் பார்த்துவிடுகிறார். தயாரிக்காமல் மேடையேறுகிறவர் நேர்மையற்றவர், பெற்ற கொடைகளுக்குப் பொறுப்பற்றவர் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2013ஆம் ஆண்டுத் திருத்தூது ஊக்கவுரை ஒன்றில் கடுமையாகவே எழுதினார். மறையுரை எட்டு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம் என்று 2024 ஜூனில் கேட்டுக்கொண்டவரும் அவரே. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நேரம் மிச்சப்படுத்த வேண்டுமானால் நம் பேச்சிலிருந்து மிச்சப்படுத்துவோம். மூன்று வசனங்களை வாசிக்க அரை நிமிடம்கூட ஆகாது.

வாசக நூல் எதை விடுகிறது என்று ஒருமுறை பார்க்கப் பழகினால் கண்ணுக்குத் தப்பாத ஒரு போக்கு தெரியும். லூக்காவின் ஆண்டில் பொதுக்காலம் 16ஆம் ஞாயிறு மார்த்தா, மரியா வீட்டு நிகழ்ச்சி. அதற்கு இணையாகத் தொடக்கநூல் 18:1-10. மம்ரேயில் ஆபிரகாம் மூன்று விருந்தினரை உபசரித்தது. கத்தோலிக்க வாசகம் பத்தாம் வசனத்தின் பாதியில், சாராவுக்கு மகன் பிறப்பான் என்ற வாக்குறுதியோடு நிற்கிறது. கூடாரத்துக்குள்ளிருந்து அதைக் கேட்டுச் சாரா சிரித்தது, சிரிக்கவில்லை என்று மறுத்தது, நீ சிரித்தாய் என்று ஆண்டவர் சொன்னது எல்லாம் போய்விட்டன. அப்பம் சுட்டவள் ஞாயிற்றுக்கிழமை வாய்திறக்கவில்லை. அந்தச் சிரிப்பு வாரநாள் திருப்பலியில் ஒரு சனிக்கிழமை கேட்கிறது. விடுதலைப்பயணம் முதல் அதிகாரத்தில் பார்வோனின் கட்டளையை மீறி ஆண் குழந்தைகளைக் காப்பாற்றிய சிப்ரா, பூவா என்ற மருத்துவச்சிகள் வாரநாள் வாசகத்திலும் இல்லை; 14இலிருந்து 22க்குத் தாவிவிடுகிறது. உரோமையர் 16இல் பவுல் பரிந்துரைக்கும் திருத்தொண்டர் பெபேயாவும் அப்படித்தான் விடுபடுகிறார். உயிர்த்த ஞாயிறன்று யோவான் 20:1-9 வாசிக்கப்படுகிறது. மகதலா மரியாவை இயேசு பெயர் சொல்லி அழைத்த பகுதி செவ்வாய்க்கிழமைக்குப் போய்விடுகிறது. பொது அட்டவணை அங்கே பதினெட்டாம் வசனம்வரை வாசிக்க வைக்கிறது. வெட்டியவர்களின் நோக்கத்தை நான் ஆராயவில்லை. ஞாயிறு மட்டும் ஆலயத்துக்கு வரும் பெண்ணுக்கு என்ன கேட்கிறது என்பதே என் கவலை. மறையுரையாளரை யாரும் தடுக்கவில்லை. விடுபட்டதை அவர் தம் வாயால் சொல்லலாம்.

கடைசியாக, செய்தித்தாள். 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியபோது சுவிட்சர்லாந்தின் சாஃபென்வில் ஊரில் இளம் போதகராக இருந்த கார்ல் பார்த், அடுத்த ஞாயிறு முழுவதும் அந்தக் கப்பலைப் பற்றியே பிரசங்கித்தார். பிற்காலத்தில் அது தவறு, செய்தி வேதப்பகுதியை விழுங்கிவிட்டது என்று தம் மாணவர்களுக்குச் சொன்னார். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் வேதப்பகுதியின் முழு உருவமும் கையில் இருந்தால் செய்திக்காக அதை விட்டு வெளியே போக வேண்டிய தேவை பல நேரம் எழுவதில்லை.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது மணியையொட்டி, வழிபாட்டு நேரத்தில், சோழமண்டலக் கரையில் கடல் ஏறியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். வேளாங்கண்ணிக்கு வந்திருந்த திருப்பயணிகளும் அவர்களில் உண்டு. குழந்தைகள் ஏராளம். கத்தோலிக்க நாட்காட்டியில் அன்று திருக்குடும்ப விழா. குறிக்கப்பட்ட நற்செய்தி மத்தேயு 2:13-15, 19-23: யோசேப்பு குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்குத் தப்பியது, பிறகு திரும்பி வந்தது. நடுவில் விடுபட்டவை மூன்று வசனங்கள், 16, 17, 18. பெத்லகேமின் குழந்தைகள் கொல்லப்பட்டதும், ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுது ஆறுதல் பெற மறுத்ததும் அவற்றில்தான் இருக்கின்றன. திருத்திய பொது அட்டவணையில் அதே ஞாயிற்றுக்கு 2:13-23 முழுவதுமாகக் குறிக்கப்பட்டிருந்தது.

கத்தோலிக்கத் திருப்பலியில் அந்த மூன்று வசனங்கள் வருவதற்கு இரண்டு நாள் இருந்தது. டிசம்பர் 28, செவ்வாய்க்கிழமை, மாசில்லாக் குழந்தைகள் விழா. அன்றைய நற்செய்தி மத்தேயு 2:13-18. ராகேலின் அழுகையோடு அது முடிகிறது.